நரக குண்டத்தில் ஒரு குடும்பம்

ஏ.ஓ.ஹியூம் என்றதும் என்ன ஞாபகம் வரும்? 1885-ல் காங்கிரஸ் பிறக்கக் காரணமாக இருந்தவர். சரி. அந்த மனுஷன் பெரிய பறவைப் பைத்தியம் என்பது தெரியுமா?

அந்தமானுக்குக் கிழக்கே நார்கொண்டம் என்றொரு தீவு. அடங்கிப்போன எரிமலை. 'நரக குண்டம்'தான் அப்படி மருவியது என்பார்கள். அங்கே வாழும் இருவாட்சியைப் பற்றி 1873-ல் முதன்முதலில் உலகத்துக்கு எழுதிச் சொன்னவர் ஹியூம்தான். தீவின் பரப்பு சுமார் 7 சதுர கிலோமீட்டர். அந்த இருவாட்சிக்கு உலகத்தில் வேறு முகவரியே கிடையாது!

முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். பெரிய மரம் இல்லையென்றால் பிரசவ அறையே இல்லை.

1969-ல் அங்கே போலீஸ் முகாம் வந்தது. கறிக்காக ஆடுகளும் வந்தன. பெருகின. காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்தன. ஆடு கடித்த செடி என்ன கதியாகும் என்பதை உசிலம்பட்டிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிறகுதான் ஆடுகளை அப்புறப்படுத்தினார்கள்.

அடுத்து ராடார். கடலோரக் காவல்படை இடம் கேட்டது. 2012-ல் மத்திய அமைச்சர் ஜெயந்தி நடராஜன் மறுத்தார். 2014-ல் அடுத்த அரசு அனுமதி தந்தது.

நாட்டுக்குக் காவல் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால், ராடாருக்கு வேறு இடம் தேடலாம். சுமார் ஆயிரம் பறவைகள் மட்டுமே உள்ள இந்த இனத்துக்கு எங்கே போய்த் தேடுவது, சொல்லுங்கள்?