காப்புரிமை

காப்பு + உரிமை. ‘கா’ என்ற வினையடியில் பிறந்தது காப்பு. காவல், கையில் அணியும் வளை, நூலின் தொடக்கத்தில் பாடும் கடவுள் வணக்கம் என அதற்குப் பல பொருள். ஊர்த் திருவிழாவில் காப்பு கட்டிவிட்டால் எல்லை தாண்டக் கூடாது என்பார்கள்.

இதற்கான ஆங்கிலச் சொல் ‘பேட்டன்ட்’ நேர் எதிர். ‘திறந்திருத்தல்’ என்னும் லத்தீன் வினையில் பிறந்து, எவரும் படிக்கும்படி மூடி முத்திரையிடாமல் விட்ட அரச மடலைக் குறித்தது. இன்றைய பொருளில் இரண்டும் உண்டு: கண்டுபிடித்ததை ஊரறியச் சொல், 20 ஆண்டு காவல் தருகிறோம்.

சொல்வதற்குப் புதிதாக ஏதுமில்லை என்றால்? 1999-இல் அமெரிக்காவில் அமேசான், ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. முகவரியும் அட்டை எண்ணும் முன்பே பதிவாகியிருக்கும். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். மளிகைக் கடையில் “கணக்குல எழுதிக்குங்க அண்ணாச்சி” என்பதன் கணினி வடிவம். அந்தக் காப்புரிமையைக் காட்டி, புத்தக விற்பனை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது அதே ஆண்டு வழக்கும் தொடுத்தது. காவல் 2017-இல்தான் முடிந்தது.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு வணிக முறைகளை விலக்கிவைக்கிறது. அதுவே நியாயம். விளைந்த வயலுக்குப் போட்டால் காப்பு. நடைபாதைக்குப் போட்டால் வெறும் வேலி.