புருவம் உயர்த்தும் கலையும் ஒரு கண்ணாடித் தண்டும்

கண்ணாடி முன் நின்று, கவிந்த இமைக்கு மேலுள்ள புருவத்தை விரலால் உயர்த்திப் பாருங்கள். மறைந்திருந்த மேற்புறக் காட்சி தெரிகிறதா? அப்படியானால் குறை இமையில் மட்டுமன்று. சரிந்த புருவத்திலும் இருக்கிறது. இமைத்தோலை மட்டும் வெட்டினால் போதாது.

1919இல் பிரெஞ்சு மருத்துவர் ரேமோன் பாசோ, நெற்றித் தோலில் சிறு துண்டுகளை நீக்கித் தைத்துப் புருவத்தை உயர்த்தும் முறையை விவரித்தார். புருவத்தின் மேல்விளிம்பிலேயே வெட்டினால் இழுப்பு ஏறக்குறைய முழுமையாகக் கிட்டும்; ஆனால் தழும்பு முகத்தில் தெரியும். அதை மறைக்கவே, காதுமுதல் காதுவரை முடிக்குள் வெட்டும் முறை பின்னர் வந்தது. ஆனால் தோல் ரப்பரைப்போல் நீளக்கூடியது அல்லவா? தொலைவிலிருந்து இழுத்தால் ஒரு பகுதி வழியிலேயே வீணாகிறது. நெற்றியும் உயரமாகிவிடும், உச்சந்தலை மரத்துப்போகலாம்.

இங்கே கைகொடுத்தவர் ஓர் இயற்பியலாளர்! 1959இல் இங்கிலாந்தின் ஹரால்டு ஹாப்கின்ஸ், அகநோக்கிக் குழாயில் நீண்ட கண்ணாடித் தண்டுகளை அடுக்கி, இடையிலுள்ள காற்று இடைவெளிகளையே வில்லைகளாக்கினார். பிம்பம் பன்மடங்கு ஒளிபெற்றது. 1990களின் தொடக்கத்தில் அகநோக்கி புருவ அறுவைக்கும் வந்தது. முடிக்குள் சில சிறு வெட்டுகளே போதுமாயின.

ஆயினும் பழைய முறை மறையவில்லை. வழுக்கைத் தலையில் தழும்பை எங்கே மறைப்பது? நெற்றிச் சுருக்கமும் அடர்ந்த புருவமும் உடைய முதியவருக்குப் புருவத்தருகே வெட்டுவதே ஏற்றதாகலாம். ஆகவே, ‘எம்முறை சிறந்தது?’ என்று கேளாதீர்கள். ‘என் நெற்றிக்கு எது பொருந்தும்?’ என்று கேளுங்கள்.