உடல் தந்த சொற்கள்

மனிதன் முதலில் அறிந்த பொருள் தன் உடலே. அதன் உறுப்புகளின் பெயர்களைக் கொண்டே அவன் புறவுலகையும் அகவுலகையும் அளந்தான். அரபு மொழியில் 'ஐன்' என்பது கண்ணையும் நீரூற்றையும் குறிக்கும். தலையைக் குறிக்கும் 'ரஃஸ்' என்பதன் வேரிலிருந்து தலைவனைக் குறிக்கும் 'ரயீஸ்' பிறக்கும். தமிழும் நீர் பிறக்குமிடத்தை ஊற்றுக்கண் என்கிறது. தலையிலிருந்தே தலைவனைப் பெறுகிறது. வெவ்வேறு குடும்பங்களைச் சார்ந்த இரு மொழிகள் ஒரே தடத்தில் நடந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழில் இவ்வளர்ச்சிக்கு இலக்கணச் சான்று உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஏழாம் வேற்றுமைக்குரியனவாக 19 சொற்களைத் தொகுத்துரைக்கிறது. கண், கால், தலை ஆகியன அவற்றுள் அடங்கும். இவை உருபுகளா, இடப்பொருளை விரிக்கும் சொற்களா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். எனினும் உறுப்பின் பெயரே இடத்தின் பெயராகவும் நிற்பது தெளிவு. பின்வந்த நன்னூலில் அத்தொகை 28 ஆக வளர்கிறது. புதிதாகச் சேர்ந்தவற்றுள் 'வாய்' ஒன்று.

இடத்தைக் கடந்து சொல் பண்பையும் தொட்டது. உள்ளத்தால் உண்மை, வாயால் வாய்மை, மெய்யால் மெய்ம்மை எனப் பகுத்துரைப்பது தமிழறிஞர் மரபு. கை என்னும் ஓரெழுத்தொருமொழியோ கைம்மாறு, கைவிடுதல், கையறுநிலை என நன்றியாகவும் துறத்தலாகவும் துயராகவும் விரிந்தது.

நூல் என்னும் சொல்லை விளக்கும் நன்னூல், நூற்கும் தொழிலையே உவமையாக்குகிறது. அங்கே சொல் பஞ்சு, புலவர் நூற்கும் பெண், அவர்தம் வாயே கை, மதியே கதிர். இதனை இயற்றிய பவணந்தியாரைப் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவராகக் கொள்வது கொங்கு நாட்டு மரபு. நூலும் நெசவும் வாழ்வாகிய இம்மண்ணுக்கு அவ்வுவமை அயலானதன்று.

திருப்பூரின் வரலாற்றிலும் ஒரு சொல் தன் உறுப்பைத் தேடி மீண்டதுண்டு. 1932 சனவரியில் தடியடிபட்டு வீழ்ந்தபோதும் குமரன் கொடியைக் கைவிடவில்லை. கைவிடுதல் என்பதன் உறுப்புப் பொருளும் பண்புப் பொருளும் அன்று ஒன்றாயின.

பின்னலாடைத் தொழில் வளர்ந்தபின் உறுப்புச் சொற்கள் இங்குப் புதுவாழ்வு பெற்றன. ஊசிக்குக் காதும் ஆடைக்குக் கழுத்தும் கையும் முன்னரே இருந்தன. தையற்பொறியின் அருகிருந்து துணியை மடித்துக் கொடுக்கும் உதவியாளருக்கோ 'கைமடி' என்பதே பெயராயிற்று. தலை தலைவனானபோது உறுப்பு உயர்ந்து மனிதராயிற்று. 'கைமடி'யிலோ மனிதர் சுருங்கிக் கையாயினர். அகராதியில் இடம்பெறுமுன்னரே கூலிப் பேரேட்டில் இடம்பெற்றுவிட்ட சொல் இது.

சொல்லின் வரலாறு வாழ்வின் வரலாறேயாகும். புலவரின் வாயைக் கை என்றார் பவணந்தியார். இவ்வூர்க் கவிஞர்களுக்கோ, பெயர் மறைந்த கைகளுக்கு வாயாகும் கடமை எஞ்சியிருக்கிறது.