பிரீமெட் பாடப்பட்டியலின் பிறப்பிடம்: லூயிஸ் தாமஸின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

அமெரிக்காவில் மருத்துவராக விரும்பும் மாணவர், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதில்லை. முதலில் நான்காண்டுப் பட்டப்படிப்பு. ஏதேனும் ஒரு துறையில் பட்டம் பெறலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகிய நான்கையும் ஆய்வகப் பயிற்சியோடு தலா ஓராண்டு படித்திருக்க வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். அதோடு எம்.சி.ஏ.டி. நுழைவுத் தேர்வு, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், மருத்துவமனையில் தன்னார்வப் பணி. இப்படித் தயாராகிறவருக்கு ‘பிரீமெட்’ என்று பெயர்.

இந்தப் பாடப்பட்டியலை யார் வகுத்தார்கள்? ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னரின் 1910ஆம் ஆண்டு அறிக்கையே மூலம் என்பது பரவலான விடை. அதற்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றி எழுதிய ஃப்ளெக்ஸ்னர், அவற்றில் 16 பள்ளிகள் இரண்டாண்டோ அதற்கு மேலோ கல்லூரிப் படிப்பை ஏற்கெனவே கேட்டுவந்ததாக அவரே பதிவுசெய்திருக்கிறார். பரவலாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு, தொடக்கம் அவருடையதல்ல.

கூடுதல் கவனம் கோருவது லூயிஸ் தாமஸின் வாசிப்பு. நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் யேலிலும் மருத்துவப் பள்ளி முதல்வராக இருந்து, பின்னர் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் தலைவரான அவர், 1978இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் பிரீமெட் படிப்பைத் திருத்துவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவப் பள்ளிகள் கடந்த பத்தாண்டுகளில் கலை, அறிவியல் கல்லூரிகளைக் கெடுத்துவிட்டன என்பது அவருடைய குற்றச்சாட்டு. பரிகாரங்களும் கடுமையானவை. தன்னை பிரீமெட் என்று சொல்லிக்கொள்ளும் மாணவரின் விண்ணப்பம் மூன்று அடுக்குகளில் கடைசி அடுக்குக்குப் போக வேண்டும், பிரீமெட் ஆலோசகர் அலுவலகம் வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு மருத்துவப் பள்ளிகள் அங்கீகாரம் தரக் கூடாது, எம்.சி.ஏ.டி. ஒழிய வேண்டும், கிரேக்கம் பட்டப்படிப்பின் மையத்துக்குத் திரும்ப வேண்டும், பள்ளிகள் கற்பிக்காவிட்டால் லத்தீனும் மீள வேண்டும்.

அவருடைய கவலை நியாயமானது. 1974இல் சுமார் 15,000 இடங்களுக்கு 42,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். மதிப்பெண்ணில் அரைப் புள்ளி குறைந்தால் எதிர்காலமே போய்விடும் என்று அஞ்சிய மாணவர்களை அவர் நேரில் கண்டவர். ஆனால் அவருடைய வரலாறு இரண்டு இடங்களில் பிழைபடுகிறது. முதலாவது காலம்: பத்தாண்டுக் கேடு என்று அவர் சொன்னது ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது. இரண்டாவது திசை: மருத்துவப் பள்ளி கல்லூரியின் மீது இதைத் திணித்தது என்கிறார் அவர், சான்றுகளோ எதிர்த்திசையில் நிற்கின்றன.

காலத்தை முதலில் பார்ப்போம். மருத்துவப் பள்ளிகளில் சேர்ந்தவர்கள் பெருமளவில் பாதியிலேயே வெளியேறியதால், ஃபிரெட் மாஸ் வடிவமைத்த திறனறித் தேர்வு 1928இல் அறிமுகமாயிற்று. இன்றைய எம்.சி.ஏ.டி.யின் முன்னோடி அதுதான். அதே காலத்தில் பல மருத்துவப் பள்ளிகள் யூத மாணவர்களுக்கு அறிவிக்கப்படாத ஒதுக்கீட்டு வரம்பை வைத்திருந்தன. கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1920இல் ஏறத்தாழ 47 விழுக்காடாக இருந்த யூத மாணவர் பங்கு 1940இல் ஏறத்தாழ 6 விழுக்காடாகச் சுருங்கியது. 1937இல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் பட்டம் பெற்ற ஆர்தர் கோர்ன்பெர்க், தம்மோடு பிரீமெட் படித்தவர்களில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே இடம் கிடைத்ததாக நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் 1959இல் நோபல் பரிசு பெற்றார்.

லூயிஸ் தாமஸ் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்தது 1933இல். பிரின்ஸ்டனில் தமது மதிப்பெண்கள் சுமார்தான் என்றும், தந்தையுடன் பயிற்சி மருத்துவராக இருந்த ஹான்ஸ் சின்சர் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தது தமக்கு உதவியிருக்க வேண்டும் என்றும் 1983இல் வெளியான தன்வரலாற்றில் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மை மதிக்கத்தக்கது. ஆயினும் அவர் நினைவிலிருந்த நெருக்கடியற்ற கல்லூரிக் காலம், சிட்டி கல்லூரி மாணவர்களுக்கு வாய்த்ததே இல்லை. 1970களில் அவர் கண்ட மூச்சுத்திணறலை அவர்கள் 1930களிலேயே அனுபவித்துவிட்டார்கள். ஒரு வகுப்பாரின் அனுபவம் ஒரு காலகட்டத்தின் வரலாறாக மாறியதே முதல் பிழையின் காரணம்.

திசை பற்றிய வாதத்துக்கு ஓர் ஆவணம் போதும். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893இல் தொடங்கியபோது வெளியிட்ட சேர்க்கை அறிவிப்பு அது. பலரும் எடுத்தாண்ட ஆவணம்தான். ஆனால் பட்டம் கேட்ட முதல் மருத்துவப் பள்ளி என்ற ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் வாசகங்களில் நின்று நிதானிக்க வேண்டும்.

அறிவிப்பு முதலில் இடம் தருவது, அதே பல்கலைக்கழகத்தின் வேதியியல்–உயிரியல் பாடத்தொகுதியை முடித்துப் பட்டம் பெற்றவர்களுக்கு. அடுத்து, அங்கீகாரம் பெற்ற பிற கல்லூரிகளின் பட்டதாரிகள். இவர்களுக்கு லத்தீன் பரிச்சயம் வேண்டும். பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிய வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும், ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலைப் பாடங்கள் அளிக்கும் அளவுக்கு அறிவு வேண்டும். இந்தக் கடைசிக் கூறுதான் திறவுகோல். ஒரு மருத்துவ மாணவருக்கு எவ்வளவு இயற்பியல் தேவை என்று எவரும் நோயாளியின் படுக்கையருகே நின்று கணக்கிடவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் இளங்கலை மாணவர்களுக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஓராண்டுப் பாடமே அளவுகோலாயிற்று. இன்றைய ‘தலா ஓராண்டு’ என்ற கணக்கின் வேர் இதுவாகவே இருக்க வேண்டும்.

வேதியியல்–உயிரியல் தொகுதி மருத்துவப் பள்ளிக்கு மூத்தது. பல்கலைக்கழகம் 1876இல் திறந்தது; மருத்துவத்துக்கு முன் படிக்க வேண்டியவை குறித்து அதன் தலைவர் டேனியல் காய்ட் கில்மன் 1870களின் இறுதியிலேயே திட்டமிட்டார்; உயிரியல் பேராசிரியர் ஹென்றி நியூவெல் மார்ட்டின் அந்தப் படிப்பை நடத்தினார். அப்போது ஹாப்கின்ஸில் மருத்துவப் பள்ளியே இல்லை. அங்கே படித்தவர்கள் வேறு மருத்துவப் பள்ளிகளைத்தான் நாட வேண்டியிருந்தது. அந்தப் பள்ளிகளோ இத்தகைய படிப்பைக் கேட்கவே இல்லை. கேட்பாரின்றிக் கல்லூரி தானாக உருவாக்கிய படிப்பு இது.

கில்மனுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? இங்கே சான்று மெலிகிறது. யேலின் ஷெஃபீல்டு அறிவியல் பள்ளியில் 1870ஐ ஒட்டியே மருத்துவம் படிக்கப்போகிறவர்களுக்கென ஓர் உயிரியல் பாடத்திட்டம் இருந்தது. 1872 வரை கில்மன் பணியாற்றியது அங்கேதான். ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியின் முதல் முதல்வரான வில்லியம் வெல்ச்சும், யேலில் செவ்வியல் மொழிகள் படித்துப் பட்டம் பெற்ற பின், வேதியியல் தெரியாத குறையை உணர்ந்து ஷெஃபீல்டுக்குச் சென்று ஓராண்டு படித்தவர். எந்த மருத்துவப் பள்ளியும் அதை அவரிடம் கேட்டிருக்கவில்லை. இரு கர்த்தாக்களும் ஒரே நிறுவனத்தின் வழியாக வந்தவர்கள் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

இதற்கு மாற்றாக ஒரு விளக்கமும் உண்டு. மார்ட்டின் லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். லண்டன் பல்கலைக்கழகம் மருத்துவப் பட்டத்துக்கு முன் அறிவியல் பாடங்களில் ஒரு முன்னிலைத் தேர்வை நடத்திவந்தது. அந்த மாதிரியை அவர் கொண்டுவந்திருக்கலாம் என்பதை ஒதுக்க முடியாது. ஆனால் லண்டன் வைத்தது தேர்வு. ஹாப்கின்ஸ் வகுத்தது பட்டத்தோடு பிணைந்த பாடத்தொகுதி. வடிவம் ஷெஃபீல்டை ஒத்திருக்கிறது. எனவே இக்கட்டுரை ஷெஃபீல்டின் பக்கம் சாய்கிறது. சூழ்நிலைச் சான்றின் வலிமைக்கு மேல் இதை அழுத்த இயலாது.

அந்தப் படிப்பைக் கட்டாயமாக்கியவர்களும் மருத்துவப் பேராசிரியர்கள் அல்லர். ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியைத் திறக்கப் பணமில்லாமல் அறங்காவலர்கள் தவித்தபோது, எம். கேரி தாமஸ், மேரி காரெட் முதலிய பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நிதி திரட்டினார்கள். 5,00,000 டாலர் இலக்கில் குறைந்த 3,06,977 டாலரை 1892 டிசம்பரில் மேரி காரெட் தாமே தர முன்வந்தார். பட்டமும் மேற்சொன்ன முன்படிப்பும் கட்டாயம் என்பது அவர் விதித்த நிபந்தனைகளில் ஒன்று. கில்மனும் பேராசிரியர்களும் தயங்கினார்கள். அந்தத் தகுதியை வைத்துப் பார்த்தால் தாங்களே மாணவராகச் சேர்ந்திருக்க முடியாது என்று பேராசிரியர்களில் ஒருவரான வில்லியம் ஆஸ்லர் வெல்ச்சிடம் சொன்னதாகப் புகழ்பெற்ற செய்தி உண்டு. முதல் வகுப்பில் சேர்ந்தது 18 பேர், மூவர் பெண்கள்.

நிபந்தனையின் வாசகத்தை எழுதியவர் யார் என்பதில் வழக்கு தீரவில்லை. தாம் முன்னொரு காலத்தில் அறங்காவலர்களுக்காக வரைந்த இலட்சியத் திட்டமே திரும்பி வந்து தம்மைக் கட்டிப்போட்டது என்பது வெல்ச்சின் பிற்கால நினைவு. அதை அப்படியே ஏற்றாலும், வரைவை எழுதியவர் நடைமுறைப்படுத்தத் துணியாதபோது வற்புறுத்தி நிறைவேற்றியவர்கள் மருத்துவத்துக்கு வெளியே நின்ற இரு பெண்கள் என்பது மாறாது. பெண்களுக்குத் தரம் குறைந்த மருத்துவப் பள்ளிகளே வாய்த்திருந்த காலம் அது. நாட்டிலேயே உயர்ந்த வாசலை அமைத்து, அதன் வழியே பெண்களையும் நுழையச் செய்வது அவர்களுடைய இலக்கு என்று கொள்வதே பொருத்தம்.

அடுத்த கட்டம் விரைவாக நடந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1914இல் முதல்தரப் பள்ளிகளுக்கு ஓராண்டுக் கல்லூரிப் படிப்பையும் 1918இல் இரண்டாண்டையும் கட்டாயமாக்கியது. வேதியியலுக்கு 12, இயற்பியலுக்கு 8, உயிரியலுக்கு 8 பருவ மணி நேரம் என்ற கணக்கு நாடெங்கும் பரவியது. இதன் விலையைக் கொடுத்தவர்கள் பலர்: கறுப்பின மாணவர்களுக்கான ஏழு மருத்துவப் பள்ளிகளில் 1920களின் நடுவில் எஞ்சியவை ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே. இந்தப் பரவலில் அறிவியல் பாடங்கள் நிலைத்தன; லத்தீன் கட்டாயப் பட்டியலிலிருந்து நழுவியது. லூயிஸ் தாமஸ் மீட்க விரும்பிய மொழிகளில் ஒன்று 1893இன் பட்டியலிலேயே இருந்தது என்பதை அவருடைய வாசிப்பு கணக்கில் கொள்ளவில்லை.

அவருடைய பரிகாரங்களில் ஒன்று மட்டும் சோதனைக்கு உள்ளாகி வென்றிருக்கிறது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளி 1987 முதல், கலையும் இலக்கியமும் படிக்கும் இளங்கலை மாணவர்கள் சிலரை எம்.சி.ஏ.டி. இல்லாமலும் கரிம வேதியியல் இல்லாமலும் சேர்த்தது. வழக்கமான வழியில் வந்தவர்களுக்கு அவர்கள் ஏறத்தாழ ஈடாகவே விளங்கினார்கள் என்று 2010இல் டேவிட் முல்லரும் நேதன் கேஸும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2009இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமும் ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பாடங்களின் பெயர்களைக் கேட்பதை விட்டுத் திறன்களைக் கேட்கப் பரிந்துரைத்தன, 2015இல் எம்.சி.ஏ.டி.யில் உளவியலும் சமூகவியலும் சேர்ந்தன.

ஆனாலும் மவுண்ட் சினாயில் மாணவர்களின் வழி திறந்தது கல்லூரிகளைத் தண்டித்ததால் அல்ல. இரண்டாம் ஆண்டு இளங்கலை மாணவருக்கு மருத்துவப் பள்ளி முன்கூட்டியே இடத்தை உறுதிசெய்ததால், அவர் விரும்பியதைப் படிக்க முடிந்தது. கல்லூரிகளின் மீது லூயிஸ் தாமஸ் கேட்ட தடையை எந்த மருத்துவப் பள்ளியும் விதிக்கவில்லை. விதித்திருந்தாலும் 1870களில் கல்லூரிகள் தாமாக வகுத்து, 1893இல் மருத்துவப் பள்ளி கடன்வாங்கிய அந்த ஓராண்டுக் கணக்கு அதனால் அசைந்திருக்காது. திருத்தம் தேடுகிறவர்கள் விசாரிக்க வேண்டியது, ஒவ்வோர் அறிவியலிலும் மருத்துவருக்கு உண்மையில் தேவைப்படும் பகுதி எது என்ற கேள்வியை. 1893இன் அறிவிப்பு அதைக் கேட்கவில்லை. 1978இன் கட்டுரையும் கேட்கவில்லை.