மெய்நிகர் இயந்திரங்களில் நேரக்கணிப்பு

மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் இயங்குதளம் (கெஸ்ட்), அதைத் தாங்கி நிற்கும் ஹைப்பர்வைசரின் துணையோடு நேரத்தைப் பிசகாமல் கணக்கிடும் முறை. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் இந்த ஏற்பாட்டுக்கு கேவிஎம்-கிளாக் என்று பெயர்; 2008இல் வந்த லினக்ஸ் 2.6.26 முதல் உள்ளது. மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியும் இதே வேலைக்கு ஒரு நினைவகப் பக்கத்தைத் தருகிறது. கேவிஎம்முக்கு இதில் முன்மாதிரி ஸென் என்ற ஹைப்பர்வைசர்.

எண்ணிக்கை தவறும் இடம்

பழைய பிசிக்களில் இயங்குதளம் நேரத்தை எண்ணித்தான் அறிந்தது. 8254 டைமர் சிப் குறித்த இடைவெளியில் குறுக்கீடு எழுப்பும். கர்னல் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வரும். பிசிக்களில் லினக்ஸ் 2.4 நொடிக்கு 100 குறுக்கீடுகளை எண்ணியது, 2.6இன் தொடக்கப் பதிப்புகளில் அது 1000 ஆனது. கணினி முழுவதும் ஒரே இயங்குதளத்துக்குச் சொந்தமாக இருந்தவரை இதில் குறையில்லை.

கெஸ்டுக்கோ செயலி எப்போதும் கையில் இருப்பதில்லை. ஹோஸ்ட் (கெஸ்டுகளைத் தாங்கும் கணினி) மற்றொரு கெஸ்டுக்கு முறை கொடுத்து இதை 30 மில்லிநொடி காக்கவைத்தால், அதற்குள் வந்திருக்க வேண்டிய 30 குறுக்கீடுகளில் ஒன்று மட்டும் வந்துசேரலாம்; மீதி 29 மில்லிநொடி கணக்கில் ஏறாது. நூற்றுக்கு ஒன்று தவறினாலே கடிகாரம் நாளுக்கு 864 நொடி, அதாவது 14 நிமிடத்துக்கும் மேல், பின்தங்கும். வலைவழியே கடிகாரத்தைத் திருத்தும் என்டிபி சரிசெய்துவிடும் என்று விட முடியாது. அதைச் செயல்படுத்தும் என்டிபிடி நிரல் கடிகாரத்தின் வேகத்தை மாற்றக்கூடிய உச்சவரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கு; நாளுக்கு 43.2 நொடிதான். தவறிய குறுக்கீடுகளைச் சேர்த்துவைத்துப் பிறகு வேகமாக அனுப்பும் வழியை விஎம்வேர் கையாண்டது. அதிலும் ஒரு வம்பு உண்டு: கர்னலும் தன் பங்குக்கு இழப்பை ஊகித்துக் கூட்டிக்கொண்டால், ஒரே இழப்பு இருமுறை ஈடாகிக் கடிகாரம் முந்தி ஓடும்.

1993இல் பென்டியத்துடன் வந்த டிஎஸ்சி என்ற எண்ணியை எப்போது வேண்டுமானாலும் ஒரே ஆணையில் படிக்கலாம். குறுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் பழைய செயலிகளில் மின்சிக்கனத்துக்காக வேகம் குறையும்போது டிஎஸ்சியின் வேகமும் குறைந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்டை வேறு ஹோஸ்டுக்கு மாற்றினால் அங்கே வேகமே வேறாக இருக்கலாம். எண் கிடைக்கிறது, ஓர் எண்ணிக்கைக்கு எத்தனை நானோநொடி என்பதுதான் கெஸ்டுக்குத் தெரியவில்லை. ஹோஸ்டுக்கு அது தெரியும்.

பகிர்ந்த நினைவகம்

ஆகவே கேவிஎம்-கிளாக் கெஸ்டுக்கு நேரத்தைச் சொல்வதில்லை. நேரத்தைக் கணக்கிடும் சூத்திரத்தைத் தருகிறது. கெஸ்ட் தன் நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டி, அதன் முகவரியைக் கேவிஎம்முக்கென உள்ள பதிவகத்தில் எழுதுகிறது. (அந்தப் பதிவகத்தின் எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் முதல் மூன்று பைட்டுகள் கேவிஎம் என்ற மூன்றெழுத்தின் ஆஸ்கி குறிகள். நிரலாளர் குறும்பு.) ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும் அங்கே 32 பைட்டுகள். ஒரு கணத்தில் டிஎஸ்சி காட்டிய எண், அந்தக் கணத்தின் நேரம் நானோநொடியில், ஒரு பெருக்கெண், ஒரு நகர்த்தெண், ஒரு பதிப்பெண், சில கொடிகள் ஆகியவற்றை ஹோஸ்ட் அதில் நிரப்புகிறது.

நேரம் வேண்டும்போது கெஸ்ட் டிஎஸ்சியைப் படித்து, குறித்துவைத்த எண்ணைக் கழித்து, வித்தியாசத்தை நகர்த்திப் பெருக்கி, 32 பிட் வலப்புறம் தள்ளி, குறித்த நேரத்தோடு கூட்டுகிறது. 2.5 கிகாஹெர்ட்ஸ் செயலியில் ஓர் எண்ணிக்கை 0.4 நானோநொடி, அந்தப் பின்னத்தைப் பெருக்கெண்ணும் நகர்த்தெண்ணும் முழு எண்களாகவே தாங்குவதால் வகுத்தலே தேவைப்படுவதில்லை. ஹைப்பர்வைசரை அழைக்கவும் வேண்டாம்.

பதிப்பெண்ணின் வேலை நுட்பமானது. ஹோஸ்ட் எழுதத் தொடங்குகையில் அதை ஒற்றைப்படையாக்கும், முடித்ததும் இரட்டைப்படையாக்கும். கெஸ்ட் படிக்கும்முன் ஒருமுறையும் படித்தபின் ஒருமுறையும் அதைப் பார்க்கும். ஒற்றைப்படையாக இருந்தாலோ இரண்டு முறையும் ஒன்றாக இல்லாவிட்டாலோ மறுபடி படிக்கும். பூட்டே இல்லாமல் பாதி எழுதிய கணக்கு கைக்கு வராமல் பார்த்துக்கொள்கிறது. கெஸ்ட் புது ஹோஸ்டுக்குப் போனாலும் அங்கே புதிய எண்கள் இதே இடத்தில் நிரம்பும்.

ஹைப்பர்-வியில் அலகு 100 நானோநொடி. பக்கத்தின் வரிசையெண் சுழியமாக இருந்தால் கெஸ்ட் ஹைப்பர்வைசரையே கேட்க வேண்டும்.

வன்பொருள் வழி

புதிய செயலிகளில் டிஎஸ்சி மாறா வேகத்தில் ஓடுகிறது. கெஸ்ட் படிக்கும் டிஎஸ்சியில் ஓர் இடைவெளியைக் கூட்டவும், அதன் வேகத்தை மாற்றிக் காட்டவும் வன்பொருளே உதவுகிறது. இவை அமைந்த இடத்தில் கெஸ்ட் டிஎஸ்சியை நேரடியாகவே நம்பலாம். ஆர்ம் செயலிகளில் மெய்நிகர் எண்ணி தொடக்கத்திலேயே வன்பொருளின் பகுதியாக வந்துவிட்டது.

நாட்காட்டி நேரம்

கேவிஎம்-கிளாக் இருந்தால் என்டிபி வேண்டாம் என்ற எண்ணம் நிர்வாகிகளிடையே பரவலாக உண்டு, அது தவறு. மேலே சொன்ன ஏற்பாடு காப்பது கடிகாரத்தின் ஓட்டத்தை. தேதியும் மணியும் கெஸ்டுக்குத் தொடக்கத்தில் ஒருமுறை கிடைக்கின்றன, பிறகு அது தன்போக்கில் செல்கிறது. நிறுத்திவைத்த இயந்திரத்தை மூன்று நாள் கழித்து எழுப்பினால் அதன் தேதி மூன்று நாள் பின்தங்கியிருக்கலாம். 1000 நொடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் என்டிபிடி இயல்பமைப்பில் வேலையை விட்டே விலகிவிடும். 5 நிமிடம் பிசகினாலே கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை உள்நுழைவை மறுக்கும்.

2017இல் லினக்ஸ் 4.11இல் சேர்ந்த கேவிஎம் பிடிபி இயக்கி வழியாக கெஸ்ட் ஹோஸ்டின் நேரத்தை நேரே படிக்கலாம். குரோனி என்ற என்டிபி நிரல் அதை மூலமாகக் கொண்டு திருத்தும். வலைவழித் தாமதம் இதில் இல்லை. ஹோஸ்டின் கடிகாரம் சரியாக இருந்தால் மட்டுமே இது பயன்படும் என்பதால் அங்கே என்டிபி ஓடியாக வேண்டும். ஹைப்பர்-வி, விஎம்வேர் ஆகியவற்றின் ஒத்திசைவுச் சேவையையும் கெஸ்டுக்குள் என்டிபியையும் ஒருசேர ஓடவிட்டால், ஒன்று திருத்தியதை மற்றது கலைக்கும். இரண்டில் ஒன்றை நிறுத்திவிடுவதே வழக்கம்.