தாய்மொழியும் பிழைப்பும்: கொழும்பு தரும் படிப்பினை

“தமிழ் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா?” என்னும் வினா நம் இல்லங்களில் இன்றும் எழுகின்றது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் பெற்றோர் உள்ளத்தை அரிக்கும் வினா இது. விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. முத்துக்குளித்துறைக் கடலைக் கடந்தால் போதும்.

முதலில் இக்கரைச் செய்தி ஒன்று. தூத்துக்குடியை அடுத்த சாயர்புரத்தில் 1840களில் ஜி. யு. போப் என்னும் ஆங்கிலப் பாதிரியார் கல்விக்கூடம் அமைத்தார். தம் சமயப் பணிக்காகவே அவர் தமிழ் கற்றார். தாயகம் திரும்பிய பின்னர், அந்தத் தமிழே அவருக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியைத் தேடித் தந்தது. 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பிறமொழி கற்றதால் அவருடைய ஆங்கிலம் தேய்ந்துவிடவில்லை. விரும்பிக் கற்ற மொழி வாழ்வளிக்கும் என்பதற்கு இது சான்று. ஒரு சாராரை மட்டும் வற்புறுத்திக் கற்பிக்க முனைந்தால் என்ன நேரும் என்பதற்கு அக்கரைக் கொழும்பு சான்று.

காயல்பட்டினத்தாரும் தூத்துக்குடியாரும் கொழும்புக்குச் சென்று வாணிபம் செய்தது பழைய வழக்கம். 1906இல் வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் இவ்விரு துறைமுகங்களுக்கிடையே கப்பல் விடவே எழுந்தது. ஹாஜி முகமது பக்கீர் சேட் அதில் பெரும் பங்கு முதலிட்டார். கொழும்புக் கோட்டைப் புறத்தே புறக்கோட்டைக் கடைவீதியில் நம்மவர் வீட்டில் தமிழும், வாடிக்கையாளரிடம் சிங்களமும் பேசி வாழ்ந்தனர். யாரும் சட்டம் போட்டு அவர்களைச் சிங்களம் கற்கச் சொல்லவில்லை. கடைக்கு வருபவர் மொழியைக் கடைக்காரர் கற்பது வாணிபத்தின் இயல்பு.

இலங்கை முஸ்லிம்களின் எழுத்து வாழ்வும் தமிழிலேயே தழைத்தது. அறிஞர் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியதும், 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டதும் தமிழில்தான். ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று சமுதாயத்தைத் தட்டி எழுப்பியவரும் அவரே. தமிழில் நின்றுகொண்டு பிறமொழியை அழைத்த பெருமகன் அவர்.

கடைவீதியில் இயல்பாக நடந்தது அலுவலகத்தில் சட்டமாக வந்தபோது நிலைமை மாறிற்று. 1956இல் பண்டாரநாயக்கா அரசு சிங்களம் ஒன்றையே ஆட்சிமொழியாக்கிற்று. முஸ்லிம் தலைவர்களிடையே கருத்து பிளவுபட்டது. சர் ராசிக் பரீத் சட்டத்தை ஆதரித்தார். சிங்களரிடையே சிதறி வாழும் சமுதாயத்துக்கு அவர்தம் மொழியே அரண் என்று எண்ணியவர் அன்று பலர். அவ்வெண்ணத்தில் அச்சமும் இருந்தது, பிள்ளைகளின் வருங்காலம் பற்றிய கவலையும் இருந்தது. கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபராக விளங்கிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களோ, தம் ஐக்கிய தேசியக் கட்சியும் ‘சிங்களம் மட்டும்’ கொள்கையை ஏற்றபோது அக்கட்சியினின்றும் விலகினார். முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

சட்டத்தின் சுமை எழுத்தர் மேசைமீது இறங்கிற்று. சிங்களத் தேர்வில் தேறாதோர்க்கு ஆண்டுச் சம்பள உயர்வு இல்லை என்று 1961 டிசம்பரில் கருவூலச் சுற்றறிக்கை பிறந்தது. தமிழ் எழுத்தரான கோடீஸ்வரன் 1962இல் தமக்கு வரவேண்டிய உயர்வு நிறுத்தப்பட்டதும் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆட்சிமொழிச் சட்டம் அரசமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மாறானது என்றது. 1967இல் உச்சநீதிமன்றம், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்காட இயலாது என்று கூறி அதனை மாற்றிற்று. 1969 டிசம்பரில் இலண்டன் பிரிவி கவுன்சில், வழக்காடலாம் என்று கூறி, மொழிச்சட்டம் செல்லுமா என்பதை ஆராய வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்த ஆராய்ச்சி நடைபெறவே இல்லை. 1972இன் புதிய அரசமைப்பில் 29ஆம் பிரிவே மறைந்தது. ஓர் எழுத்தரின் சம்பள உயர்வு பத்தாண்டு அலைந்தும், நாட்டின் நெஞ்சை உறுத்திய வினாவுக்கு விடை வரவில்லை. அவ்விடை வாராமையால் நாடு கொடுத்த விலையை உலகம் அறியும்.

1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. 2007 ஜூலை முதல் புதிதாக அரசுப் பணியில் சேர்வோர், சிங்களராயினும் தமிழராயினும், மற்ற மொழியிலும் ஐந்தாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதி செய்தனர். முன்னது ஒருவர் தோளில் மட்டும் ஏற்றிய சுமை. பின்னது இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் சுமை. நடைமுறையில் குறைகள் உண்டெனினும் நெறி நேரானது. மனுக் கொண்டு வரும் ஏழையின் மொழியைச் சம்பளம் வாங்கும் அலுவலர் கற்பதே முறை. புறக்கோட்டைக் கடைக்காரர் அறிந்திருந்த இவ்வுண்மையை அரசு அறிய அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஒரு மொழிக்கு உத்தியோக மதிப்பு தானாக வருவதன்று, போவதுமன்று. சட்டம் தந்தால் வரும். சட்டம் பறித்தால் போகும். இன்றைய விதியை நம்பித் தாய்மொழியைக் கைவிடுவோர், நாளை விதி மாறினால் இரண்டும் இழப்பர். தமிழை எழுத்துக்கூட்ட அறியாத பிள்ளைக்கு, நம் பாட்டிமார் ஓதிய மாலைகளும் முனாஜாத்துகளும் கிஸ்ஸாக்களும் பூட்டிய பெட்டியாகிவிடும். அந்த இழப்பை எந்தச் சம்பள உயர்வும் ஈடுசெய்யாது.

பிறமொழியை வெறுப்பதும் நம் நெறியன்று. யூதர்களுடன் நிகழும் கடிதப் போக்குவரத்துக்காக அவர்தம் எழுத்தைக் கற்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அன்னாரும் விரைந்து கற்றார்கள். பின்னாளில் அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அரபுத் திருமறையை ஒன்றுதிரட்டும் பெரும்பணி அந்த ஸைத் (ரலி) அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. பிறர் மொழி கற்றவரே தம் மொழியின் அமானிதத்தையும் காத்தார்.

பெற்றோர்களே, அலுவலகம் கேட்கும் மொழியைப் பிள்ளைக்குக் கற்பியுங்கள், தடையில்லை. ஆனால் இல்லத்துத் தமிழை எழுதவும் படிக்கவும் கற்பித்துவிட்டு அதனைச் செய்யுங்கள். பிழைப்புக்கான மொழி ஊருக்கு ஊர் மாறும். தாய்மொழியை நாம் விட்டாலன்றி அது நம்மை விடாது.