நெல்லிக்குப்பத்துச் சாராயமும் டர்போ இன்ஜினும்

டர்போ பொருத்திய வேகக் கார்களில் மோகம் கொண்டவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தேடிப்போய் நிரப்பும் எரிபொருள் ஒன்று உண்டு. 85 விழுக்காடு வரை எத்தனால் கலந்த அதற்கு ‘இ85’ என்று பெயர். ஏதோ புதிதாக ஆய்வகத்தில் பிறந்த திரவம் போல அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதன் பெரும்பகுதி, கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வடித்துவரும் சாராயத்தின் நீர் நீக்கிய வடிவம்தான். அந்த ஊரின் தொழில் வரலாற்றை இன்ஜினின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. சாராயம் இன்ஜினுக்குள் போகலாமா என்ற கேள்விக்கு இன்ஜின் நூறாண்டுகளுக்கு முன்பே ‘ஆம்’ என்று சொல்லிவிட்டது. அதைத் தடுத்ததும் பிறகு அனுமதித்ததும் ஆயத்தீர்வையும் மதுவிலக்கும் விலைக்கட்டுப்பாடும்தான். இன்று இ20 பெட்ரோல் பற்றி எழும் குறைகளில் பாதி அந்தப் பழைய கணக்கின் மிச்சம் என்பது என் வாதம்.

பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை நெல்லிக்குப்பத்தில் 1842இல் தொடங்கியதாக அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. கம்பெனியை நிறுவிய தாமஸ் பாரி அதற்கு முன்பே, 1824இல், பரங்கிப்பேட்டையில் காலராவில் இறந்துபோனார். கடலூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். சர்க்கரை காய்ச்சினால் மொலாசஸ் என்ற கழிவுப்பாகு மிஞ்சும். அதிலிருந்து மேலும் சர்க்கரை எடுக்கக் கட்டுப்படியாகாது, ஆனால் புளிக்கவைத்து வடித்தால் சாராயம் வரும். எனவே சர்க்கரை ஆலையை ஒட்டி வடிசாலை வந்தது. 1897இல் லண்டனில் பதிவான நிறுவனத்தின் பெயர் ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபேக்டரீஸ்’. வடிசாலை முன்னால், சர்க்கரை பின்னால். வருமானம் எங்கே இருந்தது என்பதை அந்த வரிசையே காட்டுகிறது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்துக்குப் பிறகு சாராயத்தின் ஒவ்வொரு காலனும் அரசின் கண்ணில் வரி வசூலாகும் பொருள். சிறு வடிப்பான்களை விட, பூட்டுப் போட்டுக் காவலுக்கு ஆள் நிறுத்தக்கூடிய பெரிய வடிசாலையே அரசுக்கு வசதி. நெல்லிக்குப்பம் வளர்ந்ததில் கரும்புக்கும் ஆற்று நீருக்கும் எவ்வளவு பங்கோ, அந்த வசதிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இதே காலத்தில் மோட்டார் இன்ஜின் வேறொரு சிக்கலில் மாட்டியிருந்தது. சிலிண்டருக்குள் காற்றையும் பெட்ரோலையும் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு சக்தி கிடைக்கும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் அழுத்தினால், தீப்பொறி தொட்டு எரியத் தொடங்கிய கலவையில் எரியாமல் மீந்த பகுதி தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்லும் தட்டல் சத்தம் அதுதான். தொடர்ந்தால் பிஸ்டனே ஓட்டையாகும். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனில் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ எரிபொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, சாராயம் பெட்ரோலை விட மிக அதிக அழுத்தத்தைத் தட்டாமல் தாங்குவது தெளிவானது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் சாராயம் கலந்த பெட்ரோலைச் சோதித்து அதன் நன்மையை அறிந்திருந்தார்கள். ஆனால் 1921 டிசம்பரில் கண்டறிந்த, தட்டலை அடக்கும் ஈயச் சேர்மத்துக்குக் காப்புரிமை வாங்கலாம், சாராயத்துக்கு வாங்க முடியாது. 1923இல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. இந்தியப் பங்க்குகளில் அது 2000ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. அந்த முக்கால் நூற்றாண்டில் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறிய ஈயத்தை நினைக்கும்போது, அன்று எடுத்த முடிவை வெறும் வியாபாரத் தேர்வு என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

டர்போ இன்ஜினில் இந்தக் குணம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. டர்போ காற்றை முன்கூட்டியே அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அழுத்தும்போது காற்று சூடாகிறது. சூடான காற்று தட்டலை அழைக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் சுமார் 108. அதைவிட முக்கியம், ஆவியாகும்போது அது உறிஞ்சும் வெப்பம், எடைக்கு எடை பெட்ரோலைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. முழுதாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே அதே காற்றுக்கு எத்தனால் அதிகமாகப் பீய்ச்சப்படுகிறது. இரண்டையும் பெருக்கினால், உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் ஆற்றல் நான்கு மடங்குக்கு அருகே போகிறது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 2005இல் விற்ற 9-5 பயோபவர் காரில் ஒரே 2.0 லிட்டர் டர்போ இன்ஜின் பெட்ரோலில் 150 குதிரைத்திறனும் இ85இல் 180ம் தந்தது. அதே நாட்டின் கோனிக்செக் 2007இல் காட்டிய சிசிஎக்ஸ்ஆர், சூப்பர்சார்ஜர் பொருத்தியது, 806இலிருந்து 1018க்கு ஏறியது. இரண்டிலும் கம்ப்யூட்டரின் கணக்கை எரிபொருளுக்கேற்ப மாற்றினார்கள். எரிபொருள் கூடுதலாகப் பாய வழியும் செய்தார்கள். சாராயத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டால் மட்டும் குதிரைத்திறன் வந்துவிடாது. இந்த ஒரு விஷயத்தைப் பின்னால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

நெல்லிக்குப்பத்துக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாக மைசூர் சமஸ்தானத்தின் மண்டியாவிலும் ஐக்கிய மாகாணத்திலும் ‘பவர் ஆல்கஹால்’ என்ற பெயரில் சாராயத்தைப் பெட்ரோலில் கலந்தார்கள். சுதந்திர இந்தியா 1948இல் இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டத்தை இயற்றியது. எரிபொருளாகும் வாய்ப்புச் சட்டப்படி திறந்த அதே 1948இல், அக்டோபர் 2ஆம் தேதி, சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. கடலூர் போன்ற கரும்பு மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தருணம் வேறெது? குடிக்கக் கூடாது என்று மாகாணம் தீர்மானித்த திரவத்தை வண்டியில் எரிக்கலாம் என்று மத்திய அரசு சொல்கிறது. இரண்டு கொள்கையும் ஒன்றையொன்று தாங்கியிருக்க முடியும். நடக்கவில்லை. மதுவிலக்கை நடத்திய நிர்வாகத்துக்கு ஊர் ஊராகத் தொட்டியில் போகும் சாராயம் ஒரு காவல் தலைவலி. கள்ளச்சாராயம் குடித்து மக்கள் சாவது வெறும் கற்பனை பயமும் அல்ல. நம் வட மாவட்டங்கள் அதை மறுபடி மறுபடி பார்த்திருக்கின்றன. அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பெட்ரோலோடு கலந்தபின் எவரும் வாயில் வைக்க முடியாத திரவத்துக்கும் குடிசாராயத்துக்கும் ஒரே கெடுபிடி விதித்ததுதான் பிழை.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் எரிசாராயம் பிளாஸ்டிக்குக்கும் செயற்கை ரப்பருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கும் மூலப்பொருளாயிற்று. மொலாசஸின் விலையை அரசே தாழ்த்தி வைத்திருந்ததால் அந்த ரசாயனத் தொழில் பிழைத்தது; 1993இல் கட்டுப்பாடு நீங்கியது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் உருவானபின் குடிக்கும் சாராயமே மாநிலக் கருவூலத்தின் தூண்களில் ஒன்றாயிற்று. இதற்கிடையே பவர் ஆல்கஹால் சட்டம் தூசி படிந்து கிடந்து, 2000இல் நீக்கப்பட்டது. அதாவது ஈயம் பெட்ரோலைவிட்டுப் போன அதே ஆண்டில், அதன் இடத்தை இயல்பாகப் பிடித்திருக்க வேண்டிய பொருளுக்கான சட்டமும் போயிற்று.

2003 ஜனவரியில் தமிழ்நாடு உள்பட ஒன்பது மாநிலங்களில் 5 விழுக்காடு கலப்பு கட்டாயமானது. மொலாசஸ் தட்டுப்பாட்டிலும் விலைத் தகராறிலும் அது அடுத்த ஆண்டே நொண்டியது. மாநிலங்களின் போக்குவரத்துப் பர்மிட்டும் கட்டணமும் சேர்ந்து இறுக்கின. 2013-14இல் நாட்டின் சராசரிக் கலப்பு 1.53 விழுக்காடு. பிறகு வேகம் பிடித்ததற்கு எந்த இன்ஜின் கண்டுபிடிப்பும் காரணமில்லை. அரசே கொள்முதல் விலையை அறிவித்தது. 2016இல் எரிபொருள் எத்தனாலை மாநிலங்களின் பிடியிலிருந்து விலக்கச் சட்டம் திருத்தினார்கள். 2018இல் அதன் ஜிஎஸ்டியை 18இலிருந்து 5 ஆக்கினார்கள். கலப்பு 2022இல் 10, 2025இல் 20 விழுக்காட்டைத் தொட்டது. அரை நூற்றாண்டாக ‘முடியாது’ என்றிருந்தது மூன்று காகிதங்களில் முடிந்தது.

இங்கே வாகன உரிமையாளர்களின் மறுப்பு வருகிறது: ‘மைலேஜ் போகிறது, ரப்பர் குழாய் கெடுகிறது, இதில் என்ன பெருமை?’ மைலேஜ் போவது உண்மை. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய கணக்கில் ட்யூன் செய்த நான்கு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 விழுக்காடு இழப்பு வரலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதும் உண்மை. கடலூர் போன்ற கரையோர ஊரில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் தொட்டிக்கு அது நல்லதல்ல. ஆனால் இழப்பின் ஒரு பகுதியை மீட்கும் வழி சாராயத்தின் உள்ளேயே இருக்கிறது. தட்டலைத் தாங்கும் எரிபொருளுக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிய இன்ஜின் அதே எத்தனாலிலிருந்து அதிக வேலை வாங்கும். அப்படிப்பட்ட இன்ஜின்கள் பரவும் முன்பே பங்க்கில் கலப்பு ஏறிவிட்டது. வேகக்கார்க்காரர்கள் ரீமேப் செய்து அடைவதை, சாதாரண வண்டிக்காரர் விலைகொடுத்தும் அடையவில்லை. கலப்பு 20க்கு ஏறியபோது இ0, இ10 இரண்டையும் பழைய வண்டிகளுக்குத் தனிக் குழாயில் வைத்திருக்க வேண்டும் என்ற கோரிக்கை எனக்கு நியாயமாகவே படுகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சர்க்கரை வழியாக ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் தேவை என்று அதே அறிக்கை கணக்கிடுகிறது. வீராணம் ஏரியின் நீரைச் சென்னையோடு பங்கிட்டுக்கொள்ளும் சிதம்பரம் வட்டாரத்துக்கு இந்த எண் வெறும் புள்ளிவிவரம் அல்ல. ஒரு டன் கரும்பின் சாற்றை நேராக வடித்தால் ஏறக்குறைய 70 லிட்டர், கடைசிக் கழிவுப்பாகை வடித்தால் 10 லிட்டருக்குச் சற்றுமேல். முதல் வழியில் சர்க்கரை கிடையாது; இரண்டாம் வழியில் எப்படியும் விளைந்த கரும்பின் மிச்சம்தான் எரிகிறது, புதிதாக ஒரு சொட்டு நீர் வயலுக்குப் போவதில்லை. நெல்லிக்குப்பத்தின் பழைய முறை இரண்டாவது. எத்தனாலுக்காகவே கரும்பு நடுவதையும் எத்தனாலுக்காக அரிசியை வடிப்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன். திட்டக்குடி, வேப்பூர்ப் பக்கத்து மானாவாரி மக்காச்சோளம் வேறு. அதற்குப் போட்டி பெரும்பாலும் கோழித்தீவனத்தோடுதான், பாசன நீரோடு அல்ல. எந்தச் சாராயம் என்று கேட்காமல் எல்லா எத்தனாலையும் பசுமை என்று புகழ்வதும், எல்லாவற்றையும் சூழல் கேடு என்று தள்ளுவதும் ஒரே அலட்சியம்.

2024 மார்ச்சில் இந்தியன் ஆயில், தமிழ்நாட்டையும் சேர்த்து ஐந்து இடங்களில் 183 பங்க்குகளில் ‘எத்தனால் 100’ விற்கத் தொடங்கியது. அதை நிரப்பிக்கொண்டு ஓடும் காரை அன்று எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 2023 ஆகஸ்டில் டொயோட்டா காட்டிய இன்னோவா ஹைகிராஸ் மாதிரி வண்டியாகவே நின்றது. அதே 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்த நீதிமன்றத்தின் 1989 தீர்ப்பை நிராகரித்து, தொழிற்சாலைச் சாராயத்தின் மீதும் மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று எட்டுக்கு ஒன்று என முடிவுசெய்தது. இனி தமிழ்நாடு இந்தத் திரவத்தை மறுபடியும் வரிப்பொருளாக மட்டும் பார்க்குமா என்பதே கடலூரைப் பொறுத்தவரை பெரிய கேள்வி. சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் விவசாயிக்கு 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு விதித்த விலை, 10.25 விழுக்காடு சர்க்கரைக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். சர்க்கரையைப் பார்த்துத்தான் அந்த விலை. தமிழ்நாடு 2017-18 பருவத்திலிருந்து பின்பற்றும் வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மூலமான ரங்கராஜன் குழுவின் 2012 கணக்கு சர்க்கரை, மொலாசஸ், சக்கை என்ற முதல்நிலைப் பொருள்களோடு நின்றுவிடுகிறது. மொலாசஸிலிருந்து வடிக்கும் எத்தனாலின் வருமானம் அதற்குள் இல்லை. அந்தக் கணக்கைத் திறந்து எத்தனாலையும் அதில் எழுத மாநில அரசுக்கு இப்போது அதிகாரமும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.